நான்காம் அடி

வெள்ளை வில்லை நாவில் கரைந்து முடிய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் மங்கையர்க்கரசி கண்களை மூடி நின்றாள். கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மழைநீரைச் சுவைத்தாற்போல் ஒரு வெறுமை. கண் திறந்தபோது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அரிசோனாவின் காலை வெயிலில் சாகுவாரோக் கள்ளிகள் இரு கைகளையும் உயர்த்தித் தொழுதபடி நின்றன. இனி மூன்று நாள் அவள் காண்பதெல்லாம் இரவல்.

புதுக்கண் நிலையத்தின் பணிப்பெண் டெலீனா, சட்டம் கட்டாயப்படுத்தியபடி, விதிகளை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவள் அம்மண்ணின் தொல்குடியைச் சேர்ந்தவள்; ஆங்கிலத்தையும் மலைச்சரிவில் இறங்குபவள்போல அடியடியாகவே பேசுவாள்.

“இன்றுமுதல் உங்கள் நினைவில் பதியும் காட்சிகளுக்கு இந்த வெள்ளை வில்லை அடையாளமிடும். மூன்றாம் நாள் இங்கே வந்து பச்சை வில்லையை உண்டால், அடையாளமிட்டவை நீங்கிவிடும். அடுத்த ஆண்டு மலைகளை முதன்முறையாகக் காண்பீர்கள். உண்ணாவிட்டால் அடையாளம் தானே அழியும், நினைவு தங்கிவிடும். அது அவரவர் விருப்பம். ஒருவர் மற்றவரை வற்புறுத்தலாகாது. படம் எடுப்பதும் கண்ட காட்சியை எழுதி வைப்பதும் கூடாது.”

போவது காட்சி மட்டுந்தானா என்று மங்கை கேட்டாள்.

“அன்பையோ உறவையோ தொடாது என்று நிறுவனம் சொல்கிறது,” என்றாள் டெலீனா. ‘நிறுவனம்’ என்ற சொல்லில் அவள் குரல் சற்றே அழுந்தியது.

“ஆறு தரம் வந்திருக்கோம், ஒரு கல்லாவது ஞாபகம் இருக்கா?” என்று மகிழ்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டான் சேந்தன். “ஒரே மலைக்கு ஏழு தரம் வாயப் பொளக்கதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்லா.”

மூன்றாமவளான புனிதவதி தன் வெள்ளை வில்லை கரைந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை வைத்தாள். மங்கை அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பாளையங்கோட்டையில் கல்லூரியில் பயின்ற காலத்தில், மூவரும் கோயில் ஓதற்குழுவில் ஒன்றாய்ப் பாடியவர்கள். திருமுறை ஒன்றின் சில நூறு பதிகங்களையும் தங்கள் வாழ்நாளில் மூவருமாக ஓதி நிறைவு செய்வதென்று சன்னிதியில் நேர்ந்துகொண்டார்கள். முற்றோதலுக்கு அவர்களே வகுத்துக்கொண்ட விதி ஒன்றுண்டு: ஒரே காற்றில் மூன்று குரலும் கலக்க வேண்டும், கணினித் திரையில் கூடிப் பாடுவது ஓதலாகாது. பிறகு சேந்தன் பீனிக்ஸ் நகரில் சூரிய மின்தகடுகளோடு வாழப் போனான். மங்கை ஹூஸ்டனில் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் அமர்ந்தாள். புனிதவதி பாளையங்கோட்டையிலேயே மருத்துவராய் நின்று, பங்குனிதோறும் சான்டியாகோவிலுள்ள மகள் வீட்டுக்கு வருவாள். பெரும்பாலானவை ஊரிலேயே ஓதி முடிந்திருந்தன. எஞ்சியவை, கடந்த ஆறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு மூன்று நாள், இந்தப் பாலைநிலத்தில், இயன்ற அளவு. அப்படித்தான் நேர்ச்சை நடந்து வந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மங்கையின் தாயார் நோயுற்றார். மருத்துவம் பார்த்தவள் புனிதவதி. அப்போது மங்கையின் வீசா புதுப்பிப்பில் இருந்தது. நாட்டைவிட்டு வெளியேறினால் மீண்டும் நுழைவது உறுதியில்லை. கிளம்பட்டுமா என்று தொலைபேசியில் கேட்டாள். அவசரமில்லை, நாள் இருக்கிறது என்றாள் புனிதவதி. ஒன்பதாம் நாள் தாயார் போய்விட்டார். வீசாவையும் பாராமல் பதினாறாம் நாள் சடங்குக்கு ஓடிவந்த மங்கையிடம், மகளுக்குச் சொல்லாதே என்று அம்மாதான் கேட்டுக்கொண்டார், அதனால் மறைத்தேன் என்று புனிதவதி சொன்னாள். அன்று மூடியது மங்கையின் வாய். நேர்ச்சையை முறிக்க அவள் சமய நெஞ்சு இடங்கொடுக்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் வந்தாள், பாடினாள், பேசாமல் திரும்பினாள்.

இவ்வாண்டோடு அதுவும் முடிகிறது. குறிப்பேட்டில் குறியிடாமல் எஞ்சி நின்றவை பன்னிரண்டு பதிகங்கள். அவை முடிந்தால் புனிதவதியின் முகத்தில் விழிக்க வேண்டிய கடமையும் முடிந்தது. விமானத்தில் வரும்போது அதை நினைத்து மங்கை நிம்மதி கொள்ள முயன்றாள். நிம்மதிக்குப் பதில் பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல ஏதோ ஒன்று வந்தது.

வண்டி வடக்கே ஏறியது. கள்ளிகள் மறைந்து பைன்மரங்கள் வந்தன. அவையும் மறைந்து, வானத்தைத் தவிர வேறு கூரையில்லாத சமவெளி விரிந்தது.

“சேந்தா, அவங்க பக்கத்துக் கண்ணாடிய ஏத்தச் சொல்லு. மண்ணு வருது,” என்றாள் மங்கை, முன்னிருக்கையிலிருந்து.

“ஏத்தியாச்சுன்னு சொல்லு, சேந்தா,” என்றாள் புனிதவதி பின்னாலிருந்து.

“ஏத்தியாச்சாம். நான் என்ன, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எழுப்புன மதிலா? மதிலுக்காவது வருஷத்துக்கு ஒருக்க வெள்ளையடிப்பாங்க.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஆனால் புளியோதரைப் பொட்டலம் பின்னிருக்கையிலிருந்து சேந்தன் வழியாக முன்னால் வந்தது. மோர்மிளகாய் முன்னாலிருந்து சேந்தன் வழியாகப் பின்னால் போனது.

பிற்பகலில் செம்பாறைக் குன்றுகளின் பள்ளத்தாக்கு வந்தது. தேரோட்டம் ஒன்று பாதியில் நிற்க, வடம் பிடித்தவர்களெல்லாம் வீடு திரும்பியபின், தேர்கள் மட்டும் யுகயுகமாய்க் காத்திருப்பதுபோல் அவை நின்றன. அந்திவானத்தின் நிறத்தை இறைவனின் மேனிக்கு உரியதென்று பாடிப் பழகிய நாக்கு மங்கைக்கு. இங்கே அந்நிறம் மண்ணாகவே கிடந்தது. அவள் வண்டியை விட்டிறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டாள். சூடு காலைச் சுட்டது. சுடட்டும் என்று நின்றாள். ஆய்வுக்கூடத்துக் குழாய்நீரும் வெண்சுவரும் தின்ற ஓராண்டு அந்த நிற்றலில் கழுவப்பட்டது. இந்த வியப்புக்காகத்தான் அவள் பச்சை வில்லையை விரும்பி உண்கிறாள். வாழ்வில் வேறெதுவும் அவளுக்கு முதன்முறையாக நிகழ்வதாயில்லை.

பாறை நிழலில் அமர்ந்து ஆறு பதிகங்கள் ஓதினார்கள். மறுநாள் வேறொரு பள்ளத்தாக்கில் ஐந்து. பேசாத இருவரின் குரல்கள் பண்ணில் மட்டும் பிழையின்றி இணைந்தன. பாலை பிரிவுக்கு உரிய நிலமென்று பழம்புலவர் வகுத்ததை நினைவூட்டிய சேந்தன், அந்த நிலத்துக்கே வந்து கூடிப் பாடுகிற கிறுக்கர்கள் தாங்கள் மட்டுமே என்றான்.

எஞ்சியது ஒரு பதிகம். அது மங்கையின் தாயார் நாள்தோறும் பாடியது. தாயார் மறைந்தபின் அதைப் பாட மங்கை வாய் திறந்ததில்லை. வேண்டுமென்றே ஒவ்வோராண்டும் தள்ளித் தள்ளி அதைக் கடைசிக்கு விட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, பெரும் பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்கு வந்தார்கள்.

மரங்கள் விலகின. தரை நின்றது. அதற்கு அப்பால் தரை இல்லை. கீழே, கண் சென்று சென்று இளைக்கும் ஆழத்தில், பச்சையாய் ஒரு நூலிழை. அது ஆறு என்றார்கள். சிவப்பும் வெண்மையும் காவியுமாய் அடுக்கடுக்கான பாறைகள், உலகு தோன்றிய நாள்முதல் ஒவ்வொரு நாளையும் ஒரு வரியாக எழுதி வைத்தாற்போல் இறங்கிச் சென்றன. அடிமுடி காணமுடியாமை என்பதைப் பாட்டில் மட்டும் அறிந்திருந்தவளுக்கு, அடி காணமுடியாமை கண்ணெதிரே கிடந்தது. மங்கையின் கைகள் தாமே குவிந்தன. கண்கள் நிறைந்தன.

சேந்தன் பேச்சற்றுப் போனான். அவனைப் பொறுத்தவரை அது அந்தப் பள்ளத்தாக்குக்கு நிகரான அதிசயம். புனிதவதி மட்டும் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் மங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவரும் சொல்லாமலே புனிதவதி பதிகத்தை எடுத்தாள். சேந்தன் சேர்ந்துகொண்டான். மங்கை உதட்டைக் கடித்தாள். ஆனால் நேர்ச்சை நேர்ச்சைதான். குரலைத் திறந்தாள். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி வரை தாயின் குரலே தன் தொண்டையில் ஏறியதுபோல் பாடினாள். அங்கே அவள் நின்றுவிட்டாள்.

அழுகையால் அன்று. மூச்சு முட்டியும் அன்று. பழகிய வீட்டில் இருட்டிலும் கால் படியறிந்து நிற்பதுபோல், அவள் தொண்டை தானே நின்றது. அந்த இடைவெளியில் புனிதவதியின் குரல் நுழைந்து நான்காம் அடியை எடுத்து முடித்தது. சேந்தனும் அந்த அடியில் வாய் மூடியிருந்தான். ஏன் மூடினோம் என்று விளங்காமல் விழித்தான்.

அடுத்த பாட்டிலும் அப்படியே. மங்கை முயன்று பார்த்தாள். நான்காம் அடியைத் தானே பாடிவிடுவதென்று தீர்மானித்து மூச்சைச் சேர்த்தாள். முடியவில்லை. மூன்று அடிகள் தனக்கு, ஓரடி அவளுக்கு என்று எவரோ என்றோ பங்கிட்டு வைத்தாற்போல், பதிகம் முழுவதும் அவ்வாறே ஓடி நிறைந்தது.

குறிப்பேட்டில் குறியிடப்படாத பதிகம். இதுவரை ஒருங்கே ஓதாத பதிகம். இத்தனை ஒழுங்கு ஒரு நாளில் வருவதன்று என்பதைப் பாடகியான அவள் அறிவாள்.

“சேந்தா, இத நாம முன்னால பாடியிருக்கோமான்னு கேளு,” என்றாள்.

சேந்தன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “நீயே கேளு, ஏட்டி. மதில் இன்னைக்கு லீவு,” என்று சொல்லிவிட்டு விளிம்போரமாய்த் தொலைவு நடந்தான்.

புனிதவதிதான் பேசினாள்.

“மங்கை, ஒங்கிட்ட நேரா ஒண்ணு சொல்லணும். சொல்லாதன்னு அம்மா கேட்டுக்கிட்டாங்கன்னேம்லா, அது பொய். அம்மா அப்படி ஒண்ணும் சொல்லல. நாந்தான் தப்பாக் கணிச்சேன். ரெண்டு மாசம் இருக்கும்னு நெனச்சேன். ஒம்போது நாள்ல போயிட்டாங்க.”

மங்கைக்குச் சினம் எழக் காத்திருந்தது. எங்கே எழுவதென்று அதற்கு இடம் தெரியவில்லை. எட்டு ஆண்டுகளாக அவள் வெறுத்தது, தெரிந்தே மறைத்த ஒருத்தியை. இங்கே நிற்பவள் தெரியாமல் தவறியவள்.

“பெறகு ஏன் மறைச்சேன்னு சொன்ன?”

“மறைச்சேன்னா என்னயக் கெட்டவன்னு நெனப்ப. தெரியலன்னா, இவ என்ன டாக்டர்ன்னு நெனப்ப. அப்ப எனக்கு மொதலாவது பரவால்லன்னு பட்டுது.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “கடைசி வாரம் அம்மாவுக்கு மூச்சுப் பத்தல. ஆனாலும் பாடாம இருக்கமாட்டாங்க. மூணு அடி பாடுவாங்க. நாலாவது அடிய எங்கிட்ட விட்டுருவாங்க.”

மங்கை அங்கேயே பாறைமேல் உட்கார்ந்தாள். தாயின் கடைசி நாட்களில் தனக்கு ஒன்றும் எஞ்சவில்லை என்று எண்ணியிருந்தாள். மூன்று அடியும் ஓர் இடைவெளியும் எஞ்சியிருந்தன; அவை தன் தொண்டைக்குள்ளேயே இருந்தன. வில்லை காட்சியைத் துடைத்தது; காட்சியோடு ஒட்டியிருந்த பேச்சையும் துடைத்தது. ஆனால் இளமையில் ஊறிய பாட்டுக்குள் புகுந்துகொண்டதை அதனால் தொடமுடியவில்லை. அப்படியானால் இந்த விளிம்பில் புனிதவதி இதை முன்பும் சொல்லியிருக்கிறாள். தானும் முன்பு கேட்டிருக்கிறாள். கேட்டபின் அவளோடு பாடியிருக்கிறாள். மன்னிக்காமல் எவரும் அப்படிப் பாடிவிட முடியாது.

புனிதவதியின் முன்கையைப் பற்றி அவளைப் பக்கத்தில் இருத்தினாள்.

“ஒனக்குத் தெரியலங்கது எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே ஒன்னயக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்,” என்றாள். “எட்டு வருஷம் தனித்தனியா அழுதோம்.”

மாலைக்குள் நிலையத்துக்குத் திரும்பினார்கள். டெலீனா மூன்று குவளைத் தண்ணீரும், சிறு தட்டில் பச்சை வில்லைகளும் கொண்டுவந்தாள்.

மங்கை தன் வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதை உண்டால் அடுத்த பங்குனியில் அந்த விளிம்பு மீண்டும் அவளுக்கு முதன்முறையாக உண்டாகும். தரை நிற்கும் அந்தக் கணம், கைகள் தாமே குவியும் அந்தக் கணம். உண்ணாவிட்டால் அது இனி ஒருபோதும் இல்லை. ஏற்கெனவே கண்ட மலையைத்தான் காண்பாள். ஆனால் அடுத்த பங்குனிக்கு நேர்ச்சையும் இல்லை. அவளை இங்கே இழுத்துவர ஒன்றுமில்லை. நாளைக் காலை ஹூஸ்டனில் கண்விழிக்கிற மங்கை, தாயைக் காணவொட்டாமல் செய்தவளிடமிருந்து ஒருவழியாய் விடுபட்டோம் என்று பெருமூச்சு விடுவாள். அதோடு கதை முடிந்துவிடும்.

கோயிலில் அவள் தாயார் ஐம்பது ஆண்டுகள் ஒரே மூர்த்தியைக் கண்டார். அதே தீபம், அதே முகம், அதே பதிகம். நேற்றுக் கண்டதை மறக்கச் செய், இன்று புதிதாய்க் காண்கிறேன் என்று அவர் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. கண்டு கண்டுதான் உருகினார்.

மங்கை வில்லையைத் தட்டிலேயே வைத்துத் தள்ளினாள். “எனக்கு வேண்டாம்,” என்றாள் ஆங்கிலத்தில்.

டெலீனா அவளைச் சற்றுக் கூர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி படர்ந்தது. பிறகு புனிதவதியிடம் திரும்பி, கணினியில் குறித்தபடியே இயல்பாகக் கேட்டாள்: “டாக்டர், உங்களுக்கும் வழக்கம்போல வேண்டாந்தானே?”

புனிதவதி தலையசைத்தாள்.

மங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

“வழக்கம்போலவா? எத்தன வருஷமா?”

“மூணு வருஷமா. அதுக்கு முந்தி நானும் முழுங்கிட்டுத்தான் போனேன். அப்ப என்ன நடந்துதுன்னு எனக்கும் தெரியாது. நாலாந்தரம் வந்தப்ப நீ மன்னிச்ச. அத விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல.”

“அப்படின்னா மூணு தரமும் மொதல்லருந்து சொன்னியா? இன்னைக்குச் சொன்ன மாதிரியே?”

“இன்னைக்கு நாலாவது. ஒவ்வொருதரமும் பாடிட்டு, இது கடைசிக்குக் கெடக்கட்டும், குறிக்க வேண்டாம்னு நீதான் சொன்ன.”

“நான் மாட்டேன்னு ஒருதரமும் சொல்லலியா?”

“போன வருஷந்தான் கொஞ்சம் நேரமாச்சு. வெயில் கொளுத்துச்சு, பாவி.”

மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டின. ஒவ்வோராண்டும் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, மன்னித்தவளே அதை மறந்து முகம் திருப்பிச் செல்வதைப் பார்த்துக்கொண்டு, ஊர்போய் ஓராண்டு காத்திருந்து, மீண்டும் முதலிலிருந்து வாய்திறக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும். ஒரு தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

நம்பியிருக்கமாட்டாள். அதை அவளே அறிவாள்.

“சரி, நம்ப வேண்டாம். பச்சைய முழுங்காத மங்கைன்னு இங்க வச்சே எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

புனிதவதி தட்டில் தனித்துக் கிடந்த இரண்டு வில்லைகளையும் பார்த்தாள். “மலையப் பாக்கும்போது ஒம் மொகம் எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அத விட்டுக்குடுன்னு கேக்க நான் யாரு? ஏற்கெனவே ஒருதரம் ஒனக்காக நான் முடிவெடுத்தாச்சு, மங்கை. இன்னொருதரம் எடுக்கப்படாதுன்னு இருந்தேன்.”

சேந்தன் இதையெல்லாம் கேட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டான். ஆயினும் தன் வில்லையை அவன் விடவில்லை. தனக்கு மன்னிக்கவும் ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்கவும் ஒன்றுமில்லை, மலை மட்டும் போதும் என்று இருவரிடமும் நியாயம் சொல்லி, பச்சை வில்லையை மடமடவென்று தண்ணீரோடு இறக்கினான். வில்லை உண்டவர் வண்டி ஓட்டலாகாது. பின்னிருக்கையில் கால் நீட்டிப் படுத்த ஐந்தாம் நிமிடம் குறட்டை எழுந்தது.

புனிதவதி வண்டியை எடுத்தாள். மங்கை முன்னிருக்கையில், எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவள் பக்கத்தில், அமர்ந்தாள். அன்பைக் காட்டிலும் பழக்கம்தான் மெல்லத் திரும்பியது. புனிதவதி மகளின் சமையலைக் குறைசொன்னாள். மங்கை ஹூஸ்டன் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். முற்றோதல் நிறைந்தால் அன்றே முதற்பதிகத்தைத் தொடங்கிவைப்பதுதானே முறை என்று ஒருத்தி கேட்க, இன்னொரு முப்பது ஆண்டுக்கு நமக்குத் தொண்டை இருக்குமா என்று மற்றவள் கேட்டாள். கள்ளிகள் கழிந்து நகரத்து விளக்குகள் தொடங்கும் இடத்தில், புளியோதரையில் வேர்க்கடலை போடுவது முறையா என்பதில் பேச்சு முற்றிக் குரல்கள் உயர்ந்தன.

பின்னிருக்கையில் அசைவு கேட்டது. சேந்தன் எழுந்து உட்கார்ந்தான். மூன்று நாட்களுக்கு முந்தைய காலையிலிருந்து நேராக இந்த மாலைக்குள் வந்து விழுந்தவன் அவன். தன் தலைக்குமேல் பந்துபோல் போய்வந்த சொற்கள், இடையில் தன் பெயரின்றி, இப்பாலும் அப்பாலும் நேராகச் செல்வதைக் கேட்டான். முன்னிருக்கைகளின் இடைவெளியில் முகத்தை நீட்டி, ஒருத்தியின் வாயையும் மற்றவளின் வாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

“ஏட்டி…” என்றான். “நீங்க ரெண்டு பேரும் பேசுதீங்களா?”

மங்கை திரும்பினாள். அவன் கண்கள் விரிந்து, வாய் திறந்து, கைகள் இரண்டும் தாமறியாமல் மார்புவரை எழுந்து நின்றன. மலைமுன் வியந்து நிற்கும் தன் முகத்தை அவள் ஒருபோதும் கண்டவளல்லள். விளிம்பில் அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது கண்டாள்.

“ஆமாடா,” என்றாள் மங்கை. “நல்லாப் பாத்துக்கோ.”